துவாரகனின் கால்கள்

திரையில் கோடு துள்ளியது.

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. சட்டென்று துவாரகனின் கால்களைப் பார்த்தாள்.

இரண்டும் எதிர் நாற்காலியின் மேல் கிடந்தன, கம்பளிக் காலுறையோடு. பூட்ஸ் கதவோரம் இருந்தது. பக்கத்தில் அவன் கட்டிவைத்த பை.

அவனை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. அவள் கொடுத்த புகார்தான் காரணம்.

இந்த ஆர்க்டிக் கரையில் குளிர்காலம் முழுக்க இருந்தது இவர்கள் இரண்டே பேர். உறைந்த கடலுக்கு அடியில் ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. அது என்றோ செத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை, உயிரோடுதான் இருக்கிறது, இன்னும் நடுங்குகிறது, காட்டுகிறேன் பாருங்கள் என்று சவால் விட்டு வந்தவள் அவள்.

மேட்டில் புதைத்த நிலநடுக்கக் கருவியும் திரையில் நடுக்கங்களைக் காட்டத்தான் செய்தது. ஆனால் எல்லாமே அவன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து தொலைத்தன.

அவளுக்குச் சந்தேகம் பற்றிக்கொண்டது.

இங்கே தலைமைப் பொறுப்பு அவனுக்கு வந்திருக்க வேண்டியது. அவளுக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நோர்வேயில் வளர்ந்தவன், அதைப்பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அங்கேதான் அவளுக்கு இடித்தது. மனசில் ஒன்றும் இல்லாதவன் ஒரு தடவையாவது முணுமுணுத்திருக்க மாட்டானா?

கருவிக்குப் பக்கத்தில் போய்க் குதிக்கிறான். பொய் நடுக்கத்தை நம்பி அவள் ஊருக்கெல்லாம் அறிவித்ததும் கைகொட்டிச் சிரிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள்.

அவள் குற்றம் சாட்டியதும், பனியில் என் கால்தடம் எங்கே என்று கேட்டான். காற்று மூடியிருக்கும் என்றாள்.

பதிவானதையெல்லாம் அவன் சேட்டை என்று ஒதுக்கி அழித்தாள். பாவி, ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கோடு இன்னொரு முறை துள்ளியது. கொஞ்சம் பெரிதாகவே.

துவாரகன் கால்களை மெல்ல இறக்கினான். திரைக்குக் கிட்ட வந்து நின்றான்.

கத்தப்போகிறான் என்று அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

அவன் முகமோ மலர்ந்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்கட பிளவு உயிரோடதான் இருக்குது."

இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று அவன் கண்களைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. வெறும் சந்தோஷம்.

இது நிஜம் என்றால் அழித்தவையும் நிஜம். புகார் பொய். நிலநடுக்கத்தையும் ஆள் குதிப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் என்று அவள் பெயர் நாறும்.

தூரத்தில் ஹெலிகாப்டர் விசிறியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. அவன் பூட்ஸ் மாட்டக் குனிந்தான்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பதிவேட்டில் அந்தத் துள்ளலுக்கு நேரே, ஹெலிகாப்டர் தரையிறங்கிய அதிர்வு என்று தட்டினாள்.

ஹெலிகாப்டர் இன்னும் கடலுக்கு மேலேதான் வந்துகொண்டிருந்தது.