முள் அசையாத தராசு

நேபாளத்து போஜ்பூர் சந்தையில், உருளைக்கிழங்குக்காரியின் தராசில் தட்டுக்கொன்றாக இரண்டு குக்ரிக் கத்திகள் கிடக்கின்றன. முள் நட்டநடுவில் நிற்கிறது. "ரெண்டும் ஒரே எடைதான் அண்ணே, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?" என்று சிரிக்கிறாள் அவள். குக்ரி வாங்க வந்த ஹர்க்கமான் ராய் இரண்டையும் கையில் எடுக்கிறார். கத்தாரில் இரும்புக் கதவு நசுக்கியதில் அவர் வலக்கையில் மூன்று விரல்களே மிச்சம். தசைன் பண்டிகைக்குப் பலியிடும் கிடா ஒரே வெட்டில் விழாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. இந்த வருஷம் தம்பி வெட்டட்டும் என்று கூட வந்திருக்கும் மனைவி புல்மாயா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் குக்ரியை ஓங்குகிறார். அதன் கனம் பிடியிலேயே தங்கிவிடுகிறது. மூன்று விரல்களால் அதை விரட்ட முடியவில்லை. மற்றதற்கு வளைவைத் தாண்டி அலகின் வயிறு பருத்திருக்கிறது. தலைக்கு மேல் தூக்கியதும் கனமெல்லாம் முன்னால் ஓடி, மலைவெயிலை ஒருமுறை வாரிக்கொண்டு, கத்தி தானாக இறங்குகிறது. கை அதன் பின்னால் போகிறது, அவ்வளவுதான். வெட்டிப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரன் வைத்த சாம்பல் பூசணி அப்படியே நிற்கிறது. "தப்பிருச்சா?" என்கிறான் அவன். பூசணியின் நடுவே நூலாக ஒரு கோடு. அதில் நீர் கசிகிறது. பிறகுதான் இரண்டு பாதிகளும் மெல்ல விலகிச் சாய்கின்றன. தராசுக்காரி முள்ளை மறுபடி குனிந்து பார்க்கிறாள். புல்மாயா கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கையை எடுத்ததும், "உங்க தம்பியச் சாப்பிட மட்டும் வரச் சொல்றேன்" என்கிறாள்.