நாற்பத்து மூன்று நிமிடப் பயிற்சியாளர்

பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு அரசு பணம் கொடுப்பதால், குடும்ப அட்டை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆட்டத்தில் பயிற்சியாளர் பதவி உண்டு. பார்ப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கைபேசியில் வாக்களித்து நடுவிலேயே மாற்றிவிடுவார்கள். நின்ற நிமிடங்களைக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போடுவது எங்கள் ஊர் வழக்கம்.

மகளுக்கு நிச்சயமான வாரத்தில் எங்கள் முறை வந்தது.

"இடைவேளை வரைக்குமாவது நில்லுங்க. இல்லன்னா சம்பந்தி வீட்டு முன்னாடி எப்படித் தலைகாட்டுறது?" என்றாள் மனைவி செண்பகவல்லி.

நாற்பதாவது நிமிடத்தில், ஊரே கொண்டாடும் ஆட்டக்காரன் ஜெபர்சன், நடுவரின் தாயாரை இழுத்துத் திட்டினான். அவனை வெளியே அழைத்தேன்.

"தாத்தா, இப்ப உங்களத் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும். நீ உக்காருடே."

மூன்றே நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள்.

வீட்டில் செண்பகவல்லி சாப்பாட்டுத் தட்டைத் தொப்பென்று வைத்துவிட்டுப் போனாள். அப்போது சம்பந்தி பூதலிங்கம் கைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, நான் ஒம்பது நிமிஷத்துல போனவன். என் முன்னாடியும் அந்தப் பய இப்படித்தான் பேசினான். பயந்து வாயத் தொறக்கல. பத்திரிகையில நிமிஷமே போடாண்டாம், என்ன?"

"உங்களுக்கு விட்டுரலாம் சம்பந்தி," என்றேன். "எனக்கு நாப்பத்து மூணு போடத்தான் போறேன்."