காற்றுத் துளை

குளிர் உள்ளே வருகிறதென்று லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்காரர் குகதாசன் கீழே நகுலன் வாடகைக்கு இருந்த அறையின் காற்றுத் துளையைச் சாந்து பூசி அடைத்தார். அந்த வாரமே கேஸ் ஹீட்டரின் நச்சுவாயுவில் நகுலனின் மனைவி தேவகி இறந்தாள். நகுலன் வேறு வீடு தேடவில்லை.

அடுத்த குளிர்காலம், ஒரு ஞாயிறு மத்தியானம் குகதாசன் அவனை மாடியிலிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் எஞ்சினியர் எல்லோ. இந்தத் துளையாலை காத்து வருதோ எண்டு ஒருக்காப் பாரும். போன வருசம் மாதிரி நடந்தால் எனக்குத்தான் கரைச்சல்."

வெளியே மரங்கள் ஆடின. துளைக்கு நேரே பிடித்த ஊதுபத்தியின் புகை அசையாமல் மேலே போனது. நகுலன் துளைக்குள் விரலை விட்டான். வெளிப்பக்கமிருந்து ஓர் உள்ளங்கை அதை மூடியிருந்தது. தேவகிக்கு அவன் போட்ட மோதிரம் விரலில் தட்டுப்பட்டது.

"வருதோ?"

"ஓம் அண்ணை, நல்லா வருது. ஹீட்டரைப் போடுங்கோ. கதவை நான் சாத்திறன்."