கைகட்டி நின்ற கசடு

"கரண்டி வேணாம், மருந்துத் தூள் வேணாம் பாய். சுவிட்சைத் தட்டினா போதும். எழுநூறு டிகிரியில உருகி ஓடுற அலுமினியத்துல இருக்கிற அழுக்கெல்லாம் கைகட்டி ஓரமா போய் நிக்கும்!"

கிறிஸ்டினா இப்படிச் சொன்னதும் உலைக்காரர் வேலு சிரித்த சிரிப்பில், ஆம்பூர் ஹஸன் பாயின் வார்ப்படப் பட்டறைக் கூரையில் இரண்டு தகரமாவது கழன்றிருக்கும். இருபது வருடமாகக் கரண்டி போட்டுக் கசடு வழிப்பவர் அவர்தான்.

"அலுமினியத்துல காந்தம் ஒட்டாதுன்னு எங்க வீட்டுக் குண்டானுக்கே தெரியும்மா! பாய், தோல் பதனிடுற டேனரி பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கினு இருந்த பொண்ணு இது. அங்கயே போய்க் கட்டச் சொல்லுங்க."

"ஒட்டணும்னு யாருண்ணா சொன்னது? கரண்ட் பாயற உலோகத்தைக் காந்தம் ஒரு பக்கமா தள்ளும். அழுக்குல கரண்ட் பாயாது, அதனால அது எதிர்ப்பக்கம் ஒதுங்கிடும். மாதனூர் ஷூ கம்பெனி பஸ்ஸுல எல்லாரும் வாசலுக்கு முண்டியடிச்சா, முண்டத் தெரியாதவன் பின்கண்ணாடியில போய் ஒட்டிக்கிறானே, அதே கதைதான்."

பாய் சிரிக்கவில்லை. அவர் பட்டறையில் வார்ப்பது ஷூ சோல் மோல்டு, அதாவது ஷூவின் அடிப்பாகத்துக்கான அச்சு. உள்ளே பொடிப்பொடியாகக் கசடு இருக்கிறதென்று வாங்கும் ஷூ கம்பெனி மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது.

"ஒரு சாம்பிள் வார்ப்போம். எனக்கு நம்பிக்கை வந்தா மெஷின் இங்கயே இருக்கும். வரலேன்னா ஏத்திக்கினு கிளம்பிடணும். அப்புறம் பேஜார் பண்ணக் கூடாது."

ஒன்றரை வருடமாகத் தன் காயில் கட்டும் கடையைப் பூட்டிவிட்டு கிறிஸ்டினா செய்த மெஷின். அதில் சுற்றிய செம்புக் கம்பியை அவிழ்த்து நீட்டினால், அதைப் பிடித்துக்கொண்டே பேரணாம்பட்டு போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஏழு பட்டறைகள் ஏற்கெனவே விரட்டிவிட்டன. இதுதான் கடைசி. ஆனாலும் அவள் முகத்தில் கல்யாணக் களை.

காயிலுக்கு நடுவே ஒரு பீங்கான் குழாய். சுவிட்சைப் போட்டாள். வேலு உலையைச் சாய்த்தார். உருகிய அலுமினியம் குழாய் வழியே ஓடி மணல் அச்சுப் பெட்டிக்குள் இறங்கியது.

ஆறியதும் பாய் அதை இரண்டாக அறுத்துத் தேய்த்தார். கடுகளவு புள்ளி இல்லை. அதில் முகம் பார்த்துத் தாடி வாரலாம்.

"இன்னா வேலுண்ணா, இப்ப சிரிங்க பார்ப்போம்!"

வேலு கரண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பாய்தான் தலையைச் சொறிந்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்கிட்ட ஒண்ணு சொல்லல. கம்பெனி நாலாவது தடவையும் திருப்பிடுமோன்னு பயந்துக்கினு இன்னைக்குப் பழைய ஸ்க்ராப் போடல, புதுப் பாளமா வாங்கிப் போட்டேன். அது மெஷின் இல்லாமலே சுத்தமாத்தான் வரும்."

கிறிஸ்டினா அசரவில்லை. "குழாயை உடைச்சுப் பாருங்க பாய். கொஞ்சமாவது அழுக்கு ஓரமா நிக்கும்."

உடைத்தார்கள். குழாயின் ஒரு பக்கச் சுவரில் மட்டும், விரல் கனத்துக்குச் செக்கச்செவேலென்று படிந்திருந்தது.

பாயின் முகம் மாறியது. "புதுப் பாளத்துல ஏதும்மா இம்மாம் அழுக்கு? முன்னாடியே பூசி எடுத்தாந்தியா? என்னையே ஏமாத்தப் பார்த்தியா?"

கிறிஸ்டினா குழாய்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே விளங்கவில்லை.

"சத்தியமா நான் ஒண்ணும்..."

"போதும். வண்டியைக் கூப்பிடு, மெஷினை ஏத்து."

"இருங்க பாய்." வேலு தரையைப் பார்த்தபடி முன்னால் வந்தார். "அந்தப் பொண்ணு பூசல. மெஷின் வந்துட்டா எனக்கு வேலை இருக்காதேன்னு, உலையில நாலு கை செங்கல் தூளை நான்தான் அள்ளிப் போட்டேன்... ஒரு பொட்டு விடாம அத்தனையும் பிரிச்சுக் குடுத்துடுச்சு பாய்!"