நேர்ந்துவிட்ட கால்

“இந்த இலங்கைத் தீவுலயே முழங்காலைப் பத்தி முழுசாத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் தச்சன்” என்றார் பழனியாண்டி வைத்தியர்.

அந்த ஒருத்தன் யார் என்று எவரும் கேட்கவில்லை. வாராவாரம் கேட்டுப் பழகிய விஷயம்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, ஞாயிற்றுக்கிழமை. வைத்தியர் பெஞ்சில் அமர்ந்து வலது காலை வாசல்வரை நீட்டியிருந்தார். வேறு யாராவது அப்படி நீட்டினால் அடிதடி வரும். இது கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்த கால். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாலு மாதம் கதிர்காமத்தில் கிடந்து, ‘இனி இதை எவன் முன்னாலும் மடக்குவதில்லை’ என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். தோட்டத்துத் துரையே ஒருமுறை அதைச் சுற்றிக்கொண்டு போனதாகப் பேச்சு.

வருகிறவர்கள் அந்தக் கால் பெருவிரலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வலியைச் சொல்வார்கள். கொழுந்து பறிக்கும் பூரணியும் கும்பிட்டாள். அவள் முகத்தில் வலி தெரியவில்லை. மூன்று வருஷம் முழங்கால் விடாமல் வலித்தால் முகத்துக்கும் அலுத்துப் போகும்.

“கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் துண்டு குடுத்திருக்காங்க. நாளைக்கு ரயிலு.”

“தச்சன் என்னா சொல்றான்?”

“எலும்ப வெட்டி நிமுத்துற கட்டம் தாண்டிப் போச்சாம். ரெண்டு எலும்பையும் ஒட்டவச்சு முட்டியப் பூட்டிருவாங்களாம். அப்பறம் வலிக்காதாம்.”

“பூட்டா? சாவி யாரு கையில, தொரை கையிலயா?”

காம்பரா சிரித்தது. தோள்பட்டைக்கு எண்ணெய் வாங்க வந்த மாயாண்டி சும்மா இருப்பானா? “அப்பறம் பூரணியச் செவத்துல சாத்தித்தான் வைக்கணும், மம்பட்டி மாதிரி!”

பூரணி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“மலை ஏற முடியலீங்க. மூணு மாசமா அரைப்பேருதான் விழுது, பாதிச் சம்பளம். இப்புடியே போனா பேர வெட்டிருவாங்க, காம்பராவும் போயிரும். தேயிலை ஸ்டோர்ல நின்னுகிட்டே தூள் சலிக்கிற வேலை இருக்காம். காலு சரியாகி வந்து நின்னாத் தாரேன்னாரு கணக்கப்பிள்ளை.” எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தாள். “ஒங்க எண்ணெயில நிக்கலாமுன்னு சொல்லுங்க, நான் போகல.”

வைத்தியர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டினார். “முருகன் குடுத்த முட்டியக் கத்தியக் காட்டித் திருத்துறவன் மனுசனா? என் எண்ணெய் தொட்ட காலு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிச்சதில்ல!”

“அப்புடிப் போடுங்க!” என்றான் மாயாண்டி.

“ஒனக்குத் தனி எண்ணெய் தாயி. இவங்க போகட்டும், இரு.”

ஒவ்வொருவராக எண்ணெய் வாங்கிக்கொண்டு பெருவிரலைக் கும்பிட்டுப் போனார்கள். கடைசியாக மாயாண்டி இரண்டு தடவை கும்பிட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வைத்தியர் தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்தார். கதவைச் சாத்தினார். போத்தல் பக்கம் போகவில்லை. மூலையில் கிடந்த விளக்குமாற்றில் நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியை விரலால் தடவிப் பார்த்து அவளிடம் நீட்டினார்.

“எண்ணெய்ங்க?”

“எண்ணெய் கெடக்கு. நாளைக்கு ரயில விட்டுராத.”

பூரணி ஈர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்னாத்துக்குங்க?”

வைத்தியர் மறுபடி உட்கார்ந்து, நேர்ந்துவிட்ட காலை இரு கையாலும் தூக்கிப் பெஞ்சில் வைத்தார்.

“மாவுக்கட்டுக்குள்ள அரிக்கும் தாயி. எனக்கு நாலு மாசமும் அரிச்சிச்சு.”