எழுபத்தைந்து அடி

உள்துறைமுக வீதியின் நடுவில், சுண்ணாம்பால் கீறிய இரண்டாவது கோட்டில், பியோன் இராசையாவை நிறுத்தினார்கள்.

முதலாவது கோடு எழுபத்தைந்து அடிக்கு அப்பால் இருந்தது. அங்கே, வாகனம் கோட்டைத் தொட்டதும் வீழ்த்துவதற்காக, ஒரு பொலிஸ்காரர் சிவப்புக் கொடியோடு நின்றார்.

ஏற்பாடெல்லாம் இராசையாவின் மேலதிகாரி, வாகனப் பரிசோதகர் சிவகுருநாதனுடையது. அறுபத்தேழாம் ஆண்டு, மார்கழி, வீதிப் பாதுகாப்பு வாரம். முப்பது மைல் வேகத்தில் வருகிற வாகனம் எழுபத்தைந்து அடிக்குள் நிற்கும் என்று அவருடைய சீமைப் புத்தகம் சொன்னது. அந்தப் புத்தகத்தை ஊரில் வேறு யாரும் வாசித்ததில்லை. அதனால் அவருக்கு நல்ல மதிப்பு.

வீதி வளைகிற மேட்டில் நானூறு பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார்த்தியிருந்தார்கள். கரும்பலகை இருந்தது. ஒலிபெருக்கி இருந்தது. லொறி மட்டும் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து நெல்லேற்றி வந்த கிண்ணியா பக்கீரை வழியில் மறித்துப் பிடித்தார்கள்.

“ஐயா, எழுபது மூடை கிடக்கு. ரோட்டும் ஈரம்,” என்றார் பக்கீர்.

“பாரம் கூடினால்தான் சில்லு ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். இது விஞ்ஞானம், உமக்கு விளங்காது. முப்பதில வாரும். கொடி விழுமட்டும் பிறேக்கில கால் வைக்கப்படாது. வைச்சீரோ, லைசன்ஸ் என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கும்.”

ஆளுக்குப் பதிலாக ஒரு தார்ப் பீப்பாவை வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். பீப்பா தப்பினால் யார் கைதட்டுவார்கள்?

இராசையாவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினாலு மாதம் கிடந்தது. மறுத்துப் பேச ஏலாது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“ஐயா, நான் ஒரு ரெண்டு முழம் பின்னால நிக்கட்டோ?”

“புத்தகத்தில முழம் இல்லை, இராசையா. அடிதான்.”

லொறி வந்தது.

கொடி விழுந்தது. சில்லுகள் கீச்சிட்டன. இராசையா கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அவருடைய முழங்காலுக்கும் லொறியின் மூக்குக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. காற்சட்டை நனைந்திருந்தது.

“பிள்ளைகளே, ரோட்டில ஈரம் போதாதெண்டு எங்கட இராசையாவும் கொஞ்சம் உதவி செய்திருக்கிறார்!” என்றது ஒலிபெருக்கி.

நானூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த இராசையாவின் மகளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் யாருடைய மகள் என்று தெரிந்துவிடும்.

பக்கீர் இறங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்து இராசையாவின் இடுப்பில் கட்டிவிட்டார். பிறகு லொறியில் ஏறி உட்கார்ந்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். பிரதம விருந்தினராக வந்திருந்த துணிக்கடை ஸஹாப்தீன் ஹாஜியார்தான் கெடுத்தார்.

“மாஷா அல்லாஹ்! டிரைவர் சரியான கெட்டிக்காரன்!”

சிவகுருநாதனின் முகம் கறுத்துவிட்டது. மூன்று கிழமையாகக் கணக்குப் போட்டவர் அவர். பாராட்டு, இடுப்பில் சாரம் கட்டிய ஒரு லொறிக்காரனுக்கு.

“கெட்டித்தனம் இல்லை, ஹாஜியார். கணக்கு! ஆர் ஓட்டினாலும் நிக்கும். திருப்பியும் காட்டுறன். இந்த முறை நானே நிக்கிறன்.”

இராசையாவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, லொறியைப் பின்னுக்கு அனுப்பினார். “சொன்னது ஞாபகம் இருக்கோ? கொடி விழுமட்டும்!” என்று பக்கீரைப் பார்த்து விரலை ஆட்டினார்.

“ஓம் ஐயா.”

சிவகுருநாதன் ஒலிபெருக்கியோடு கோட்டில் நின்றார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். லொறிக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“கணக்கை நம்புகிறவன் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, பிள்ளைகளே. ஏனென்றால்...”

ஏனென்று பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பொலிஸார் பிறகு நாடா பிடித்து அளந்தார்கள். முதலாவது கோட்டிலிருந்து லொறி நின்ற இடம்வரை நூற்று முப்பத்தொரு அடி.

விசாரணையில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதே லொறி, அதே பாரம், அதே ஈரம். முதல் தடவை மட்டும் எழுபத்தைந்து அடிக்குள் எப்படி நின்றது?

“எனக்குக் கணக்குத் தெரியாது, ஐயா,” என்றார் பக்கீர்.

இரண்டாம் தடவை, கொடி விழுந்த அதே கணத்தில் பக்கீர் பிறேக் பிடித்ததாகக் கொடி பிடித்த பொலிஸ்காரர் சாட்சி சொன்னார். ஐயாவின் கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவர்மேல் என்ன குற்றம் சாட்டுவது? பக்கீரை விட்டுவிட்டார்கள். லைசன்ஸையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதல் தடவை, கொடிக்கு வெகு முன்னாலேயே பக்கீரின் கால் பிறேக்கில் இருந்தது. இராசையாவின் முழங்கால் நடுங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

இரண்டாம் தடவை கோட்டில் நின்றவர் நடுங்கவில்லை. பக்கீரும் கொடி விழுமட்டும் காத்திருந்தார்.