கழுதை கழிக்காத செலவு

காட்டு வரி வசூலிக்கும் ஆமையின் முன்னால் கழுதை வந்து நின்றது. கரடிக்குச் சுமை தூக்கிச் சம்பாதித்த கொள்ளில் பத்துப் படியை அது வரியாகக் கட்ட வேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்ததும் அவ்வளவுதான்.

"வேலைக்காக உன் கையிலிருந்து செலவழித்தது உண்டா? முதலாளி திருப்பித் தராததென்றால் வரியில் கழித்துவிடலாம்," என்றது ஆமை.

"லாடத்துக்கு மூணு படி கொடுத்தேனுங்க."

ஆமை எழுதிக்கொண்டது. "வேறு?"

"மலைப்பாதையில கூட வந்த எருதுக்குக் காய்ச்சல். நாலு படி வேகவெச்சுக் கொடுத்தேன்."

"அது எழுந்திருக்காவிட்டால் சுமை போய்ச் சேர்ந்திருக்காதே! அதுவும் வேலைச் செலவுதான்," என்று ஆமை எழுதத் தொடங்கியது.

கழுதை பதறியது. "ஐயோ, வேண்டாங்க! எருது என் சிநேகிதன். செலவுக் கணக்குல எழுதினேன்னு தெரிஞ்சா மனசு நோகும்."

எழுதியதை ஆமை அடித்துவிட்டது.

"எருதுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டது.